ஆறு வெள்ளி மாலைகள்: பினாங்கில் நடந்த ‘படைப்பும் அறிவியலும்’ வகுப்பு பற்றிய மதிப்புரை

ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தமிழ்த் தேவாலயத்தின் மண்டபத்தில், தொடர்ந்து ஆறு வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த ஒரு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களையும், அண்டத்தின் தோற்றம், பூமியின் வயது, உயிரினங்களின் பரிணாமம் ஆகியவை குறித்து இன்றைய அறிவியல் கண்டறிந்திருப்பவற்றையும் அருகருகே வைத்துப் படிப்பதே வகுப்பின் நோக்கம். கட்டணம் 60 ரிங்கிட், மாணவர்களுக்கு இலவசம். மாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும்; நடுவில் தேநீரும் பருப்பு வடையும் தருவார்கள். அந்தச் சபையின் போதகர் ஐயாவும், நிலவியல் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரும் மாறி மாறிப் பாடம் எடுத்தார்கள். சபையார் எல்லாரும் அந்த அம்மையாரை டீச்சர் என்றே அழைத்ததால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

நான் இந்த வகுப்பில் சேர்ந்த காரணத்தைச் சொன்னால்தான் என் மதிப்பீட்டின் நிறைகுறைகளைப் படிப்பவர்கள் எடைபோட முடியும். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். தட்டில் பரப்பிய கிருமிகளின்மேல் மருந்து தோய்ந்த சிறு வட்டுகளை வைத்து, மறுநாள் அவற்றைச் சுற்றித் தெளிந்திருக்கும் வளையத்தின் அகலத்தை அளந்து எழுதுவது என் அன்றாடப் பணி. முன்பெல்லாம் அகலமாக விழுந்த வளையம், சில கிருமிகளுக்கு இன்று விழுவதே இல்லை. மருந்துக்குத் தப்பியவை பிழைத்துப் பெருகி, தப்பிக்கும் திறனைத் தம் சந்ததிக்குக் கொடுத்துவிட்டன. இயற்கைத் தேர்வை நான் அளவுகோலால் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே நான், ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளியில் ஆறு நாள் படைப்பின் படங்களை ஒவ்வொன்றாகப் பலகையில் ஒட்டிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “டைனோசரைக் கர்த்தர் எந்த நாளில் உண்டாக்கினார், அங்கிள்?” என்று கேட்டாள். “ஆறாம் நாள்” என்று உடனே சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தேன். நானே நம்பாத ஒரு விடையை, என்னை நம்பிய குழந்தைக்குச் சொல்லிவிட்டேன் என்ற உறுத்தல் வீடு வந்த பிறகும் நீங்கவில்லை. அந்த உறுத்தலோடுதான் பெயரைப் பதிவு செய்தேன்.

முதல் மாலை, போதகர் ஐயா விளக்கம் எதுவும் தராமல், ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தையும் எங்களையே உரக்க வாசிக்கச் செய்தார். முதல் அதிகாரத்தில் செடிகொடிகள் மூன்றாம் நாளில் முளைக்கின்றன, மனிதன் கடைசியில் வருகிறான்; இரண்டாம் அதிகாரத்தில் நிலத்தில் பயிர் எதுவும் முளைக்காத நிலையில் மனிதன் உருவாக்கப்படுகிறான், அதன் பிறகே தோட்டமும் மிருகங்களும் வருகின்றன. இத்தனை ஆண்டுகள் இரண்டையும் படித்திருந்தும் இந்த வரிசை மாற்றத்தை நான் கவனித்ததில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று அவர் கேட்டபோது மண்டபத்தில் யாரும் பேசவில்லை. கால அட்டவணை தருவது நோக்கமாக இருந்திருந்தால் அவர்கள் அப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

பிறகு ‘நாள்’ என்ற சொல்லுக்கு வந்தார். எபிரெயத்தில் ‘யோம்’ என்ற சொல் பகற்பொழுதையும், ஒரு முழு நாளையும், ஒரு காலப்பகுதியையும் குறிக்கும். இதைப் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஆனால் நம் தமிழ் வேதாகமத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆதியாகமம் 2:4, “தேவனாகிய கர்த்தர் பூமியையும் வானத்தையும் உண்டாக்கின நாளில்” என்று, முந்தைய அதிகாரத்தின் ஆறு நாள்களையும் ஒரே ‘நாள்’ என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட யுகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்படுகின்றன. ஆகவே அங்கே எழுதியவர் மனத்தில் இருந்தது சாதாரண நாள்தான். அந்தச் சாதாரண நாள்களை அவர் எதற்காக அடுக்கினார் என்பதையே நாம் கேட்க வேண்டும் என்றார்.

அந்தக் கேள்விக்கான விடையே இரண்டாம் மாலை. ஆறில் மிகச் சிறந்தது இதுதான் என்பேன். “பூமியானது ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது” என்ற இரண்டாம் வசனத்தைப் பலகையில் எழுதி, ஒழுங்கின்மைக்குக் கீழே முதல் மூன்று நாள்களையும், வெறுமைக்குக் கீழே அடுத்த மூன்று நாள்களையும் எழுதினார். முதல் மூன்று நாள்களில் வெளிச்சமும் இருளும் பிரிகின்றன, மேலுள்ள நீரும் கீழுள்ள நீரும் பிரிகின்றன, கடலும் நிலமும் பிரிகின்றன, ஒழுங்கு பிறக்கிறது. அடுத்த மூன்று நாள்களில் அதே வரிசையில் சுடர்கள் வந்து பகலையும் இரவையும் நிரப்புகின்றன, பறவையும் மீனும் வானையும் நீரையும் நிரப்புகின்றன, விலங்கும் மனிதனும் நிலத்தை நிரப்புகிறார்கள், வெறுமை நீங்குகிறது. வெளிச்சம் முதல் நாளிலும் சூரியன் நான்காம் நாளிலும் வருவது ஏன் என்று சிறுவயது முதல் என்னைக் குழப்பிய புதிர், நாடு முதலில், அதை ஆள்பவர் பிறகு என்ற அமைப்பாக விளங்கியது. அந்த நான்காம் நாளிலும் சூரியன், சந்திரன் என்ற பெயர்களே இல்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்றுதான் இருக்கிறது. சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாக வணங்கிய பாபிலோன் போன்ற தேசங்களுக்கு நடுவில் வாழ்ந்த ஒரு சிறு மக்களுக்கு, அவை தெய்வங்கள் அல்ல, ஏற்றி வைத்த விளக்குகள் என்று அந்த வசனம் சொல்கிறது. சூரியனின் வெப்பநிலையைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. யாரை வணங்குவது என்று கேட்டார்கள்.

இதைப் புரியவைக்கப் போதகர் ஐயா நம் தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ முன்தோன்றிய மூத்த குடி என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அதைக் கேட்டு எந்தத் தமிழரும் பாறையின் வயதை ஆராயக் கிளம்புவதில்லை. குடியின் பழம்பெருமையையும் வீரத்தையும் சொல்லும் பாட்டு என்று அறிந்தே கேட்கிறோம். செய்யுளைச் செய்யுளாகக் கேட்கும் காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை வேதாகமத்தின் முதல் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் ஏன் மூடிக்கொள்கிறோம் என்று அவர் கேட்டது என்னோடு தங்கிவிட்டது.

அறிவியலுக்கு அஞ்சித் திருச்சபை பின்வாங்குவதுதான் இந்த விளக்கமெல்லாம் என்று ஒரு சகோதரர் வருத்தத்தோடு எழுந்து சொன்னார். அதற்கு விடையாகப் புனித அகுஸ்தீனைக் காட்டினார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அவர் ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில், சூரியன் இல்லாத நாளை நாம் அறிந்த நாளாகக் கொள்ள முடியாது என்று கண்டு, படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது என்றும், நாள்கள் வேறு பொருளில் சொல்லப்பட்டவை என்றும் கருதினார். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவர் அறியாமையோடு பேசினால், விவரம் அறிந்த பிறமதத்தார் சிரிப்பார்கள். பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்றும் கவலைப்பட்டார். டார்வின் பிறப்பதற்கு 1,300 ஆண்டுகளுக்கு மேல் முன்பே எழுதப்பட்டவை இவை. அந்தச் சகோதரர் கடைசிவரை ஆறு நாள்களையும் நேர்ப்பொருளிலேயே ஏற்றார், ஆனால் ஆறு வகுப்புகளுக்கும் தவறாமல் வந்தார். அவரிடம் யாரும் ஒரு சொல்கூட ஏளனமாகப் பேசாதது இந்த வகுப்பின் பெரிய சிறப்பு.

மூன்றாம் மாலை பெருவெடிப்பைப் பற்றியது. அண்டம் விரிகிறது என்ற முடிவுக்கு 1927இல் வந்தவரும், 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று முன்மொழிந்தவரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர் என்ற கத்தோலிக்கக் குரு என்பதைப் பலரும் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். உடனே மூப்பர் ஒருவர் எழுந்து, அப்படியானால் “வெளிச்சம் உண்டாகக்கடவது” என்ற கட்டளைதான் பெருவெடிப்பு, அறிவியல் வேதத்தை நிரூபித்துவிட்டது அல்லவா என்றார். மண்டபத்தில் ஆமென் என்ற குரல்களும் எழுந்தன. அந்த மகிழ்ச்சியைக் குலைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை என்று நினைத்து, டீச்சர் “இல்லை” என்றார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரை பெருவெடிப்பைப் படைப்போடு நெருக்கமாக இணைத்தபோது, அப்படி இணைக்க வேண்டாம் என்று கவலைப்பட்டவர் லெமேத்ரே. அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால் அதுவும் சேர்ந்து ஆடும். நம் மேடைகளில் இந்த இணைப்பை அடிக்கடி கேட்டுக் கைதட்டிப் பழகியவர்கள் நாம். கைதட்டு வாங்கும் வாய்ப்பை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னதற்காகவே டீச்சரிடம் எனக்கு மதிப்பு கூடியது.

நான்காம் மாலை, பூமியின் வயது. டீச்சரின் சொந்தத் துறை என்பதால் அவர் குரலே மாறிவிட்டது. கொடிமலையின் கருங்கல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நாம் நின்றுகொண்டிருக்கும் இந்தத் தீவின் முதுகெலும்பு அந்தக் கல். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய பாறை மெல்ல ஆறி உறைந்தது. அதை எப்படி அறிகிறார்கள் என்று அவர் விளக்கிய முறை, அறிவியல் படிக்காதவர்களுக்கும் புரிந்தது. கருங்கல்லில் சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஏற்பதில்லை. ஆகவே பிற்பாடு உள்ளே காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டுகள். ஒரே படிகத்துக்குள் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டும்போது, அந்த நேரத்தை நம்பலாம். இதே அடிப்படையில் விண்கற்களின் ஈயத்தை அளந்து, 1956இல் கிளேர் பேட்டர்சன் பூமிக்கு ஏறத்தாழ 455 கோடி ஆண்டு வயது என்று கணித்தார். அந்த எண் இன்றும் பெரிதாக மாறவில்லை. கார்பன் முறையை வைத்துத்தான் பூமியின் வயதைச் சொல்கிறார்கள், அது நம்பத்தக்கதன்று என்ற பேச்சையும் அவர் திருத்தினார். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகளே ஆவதால், 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதற்கும் அது பயன்படாது. பாறைக்கு அதைப் பயன்படுத்துவோர் யாருமில்லை.

உலகம் படைக்கப்பட்டதாகப் பலர் சொல்லும் கி.மு. 4004 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதையும் மரியாதையோடு சொன்னார்கள். 1650இல் அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர், வேதாகம வம்ச வரலாறுகளையும் தமக்குக் கிடைத்த பிற நாடுகளின் வரலாறுகளையும் கூட்டிக் கழித்துக் கணித்தது அது. தம் காலத்துக்கு நேர்மையான உழைப்பு. ஆனால் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகிவிட்டதால், பலருக்கு அதுவும் வசனம்போல ஆகிவிட்டது.

அதே மாலையில் பேராக் மனிதனும் வந்தார். பக்கத்து மாநிலத்தில், லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 1990-91இல் அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடு அவருடையது; சுமார் 10,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பிறவியிலேயே அவருடைய இடக்கை குறைபட்டிருந்தது. ஆயினும் நாற்பது வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். இறந்தபோது கைகால்களை மடக்கி, கற்கருவிகளும் சிப்பிகளும் வைத்து, கவனத்தோடு புதைத்திருக்கிறார்கள். கைவலு குறைந்த ஒருவரைக் காட்டில் அத்தனை ஆண்டுகள் யாரோ பார்த்துக்கொண்டார்கள். அஷ்ஷர் குறித்த படைப்பின் நாளுக்கும் முன்னால் வாழ்ந்த அந்த மனிதரிடம் தேவசாயல் இருந்ததா என்று போதகர் ஐயா கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் ஜெபித்து வகுப்பை முடித்தார். என்னிடம் கேட்டால், இருந்தது. அவரிடமும் இருந்தது, அவரைப் புதைத்தவர்களிடமும் இருந்தது. 2012இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்ட லெங்கோங் பினாங்கிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு சனிக்கிழமை பேருந்து ஏற்பாடு செய்தால் கட்டணத்தைக் கூட்டினாலும் மக்கள் வருவார்கள்.

பரிணாமத்துக்கான ஐந்தாம் மாலையை இங்கிலாந்தில் தொடங்காமல் சரவாக்கில் தொடங்கியது நல்ல யோசனை. 1855இல் சரவாக்கில் தங்கியிருந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், ஒவ்வோர் இனமும் தன்னை ஒத்த முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1858 ஜூலை 1ஆம் தேதி, அவருடைய இயற்கைத் தேர்வுக் கட்டுரை டார்வினின் எழுத்துகளோடு லண்டனில் வாசிக்கப்பட்டது. அன்று வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று, டார்வின் தம் நண்பரான தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தின் பகுதி. கிரே, பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். பிற்காலத்தில் அமெரிக்காவில் இயற்கைத் தேர்வுக்காக வாதாடியவர், அது கடவுள் நம்பிக்கைக்கு முரணானதன்று என்றும் எழுதியவர். மரபணுச் சான்றுகளை டீச்சர் வேகமாகக் கடந்தாலும், ஒன்றை நன்றாக விளக்கினார்: மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் மனிதக் குரங்குகளுக்கு 48, நமக்கு 46; நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், இரு குரோமோசோம்களின் முனைகள் ஒட்டிய தடம் இன்றும் இருக்கிறது.

எல்லாம் தற்செயல் என்றால் கர்த்தருக்கு என்ன வேலை என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். “சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்” என்ற நீதிமொழியைப் போதகர் ஐயா வாசித்தார். தாயின் கருவில் கர்த்தர் என்னை உருவாக்கினார் என்று பாடும் நாம் கருவளர்ச்சியைப் பற்றிய மருத்துவ நூலை எரிப்பதில்லையே என்றும் சேர்த்தார். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் எனக்கு இந்த விடை போதுமானது. பூச்சியும் விலங்கும் பட்ட வேதனையின் நீண்ட வரலாற்றுக்கு அது போதுமா என்று அந்த மாணவர் மறுபடியும் கேட்டார். அதற்குச் சரியான மறுமொழி வரவில்லை.

ஆறாம் மாலை ஏமாற்றம் தந்தது. ஆதாம் என்ற ஒருவர் வாழ்ந்தாரா, பாவத்துக்கு முன் மரணம் இருந்ததா என்பவைதான் விசுவாசிகளை உண்மையில் வாட்டும் கேள்விகள். பூமியின் வயது அல்ல. “ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும்” உலகில் புகுந்ததாக ரோமர் 5:12 சொல்கிறது; இரட்சிப்பைப் பற்றிய பவுலின் வாதமே அதன்மேல் நிற்கிறது. அந்த வசனம் பேசுவது மனிதருக்கு வந்த மரணத்தைப் பற்றியதா, எல்லா உயிர்களின் மரணத்தைப் பற்றியதா என்பதையே ஒரு முழு மாலை பேசியிருக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1950இல், மனித உடல் முந்தைய உயிரினத்திலிருந்து வந்ததா என்று ஆராய இடமளித்தபோதும், முதல் பெற்றோர் பலர் என்ற கருத்தை ஏற்க முடியாது என்றது. 1996இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்றார். இவ்விரண்டுக்கும் இடையில் எத்தனை சிந்தனை இருக்கிறது! ஆனால் அன்று சான்றிதழ் வழங்கலும் நன்றியுரையும் புகைப்படமும் போக, ஆதாமுக்கு மிஞ்சியது அரை மணி நேரம். ஐந்து வாரம் துணிவோடு நடந்தவர்கள் ஆழமான இடத்தில் கரையேறிவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் நான் வருந்தினேன்.

குறிப்புப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வெளிவந்த பாடங்களிலிருந்து தொகுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தில் பரிணாமம், அடுத்த பக்கத்தில் கூர்ப்பு. ஓரிடத்தில் குரோமோசோம், இன்னோர் இடத்தில் நிறமூர்த்தம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயில் தொடர்ந்த நம் பிள்ளைகள் இதில் திணறினார்கள். ஒரே சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தி, பக்கத்தில் மலாய்ச் சொல்லையும் போட்டால் போதும். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தத்தால் பின்வரிசைக்குக் கேள்விகள் கேட்கவில்லை, முன்னால் உட்காருங்கள்.

60 ரிங்கிட்டுக்கு இது மிகுதியான பயன் தரும் வகுப்பு என்றே சொல்வேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். ஆதியாகமத்தின் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அறிவியல் கண்டுபிடிப்பைப் பொருத்திக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு மனக்குறை ஏற்படலாம். ஆதாமுக்கென்று தனியாக இரண்டு மாலைகள் வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சுற்றில் சேர்ப்பதாகப் போதகர் ஐயா சொல்லியிருக்கிறார். நான் மறுபடியும் பெயர் கொடுத்துவிட்டேன். அந்தச் சிறுமியிடமும் பேசினேன்: “அன்றைக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், கண்ணு. டைனோசர் வாழ்ந்தது ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி. அதை எந்த நாள் என்று சொல்ல அந்த அதிகாரம் எழுதப்படவில்லை.” அப்படியென்றால் எதற்கு எழுதினார்கள் என்று அவள் கேட்டாள். பெரிய சுடரிலிருந்தும் சிறிய சுடரிலிருந்தும் தொடங்கினேன்.